உங்கள் பிரதேசத்தின் பொருளாதாரம் எவ்வளவு பலமானது? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர்களுக்குள் போய் இந்த வேலையைச் செய்கிறோம். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், புதிதாக நியமனம் பெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கொப்பியும் பேனையும் கல்குலேட்டரும் போதும்.

முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள். மாவட்டம் என்று எடுத்தால் உண்மை மறைந்துபோகும். 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின அளவீட்டின்படி வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் நாடு முழுவதற்கும் 4.1 வீதம்; மட்டக்களப்பில் 11.3, பக்கத்து அம்பாறையில் 2.6. அம்பாறைக்கு 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் இருக்கிறது; பெருமளவு வயல் இரண்டு போகமும் விளைகிறது. மட்டக்களப்பில் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களுக்குக் கீழே உள்ள காணிக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. மானாவாரிக் காரனுக்கு மழையோடு ஒரு போகம்தான். போதாததற்கு, யுத்தம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை நெடுங்காலம் முடக்கிப் போட்டது. ஆனாலும் 11.3 என்ற எண் வியாபார ஊரான காத்தான்குடிக்கும் பொருந்தாது, வறிய வாகரைக்கும் பொருந்தாது. அதனால் ஒரு கிராம சேவகர் பிரிவையோ, கூடிப்போனால் ஒரு பிரதேச செயலகப் பிரிவையோ எடுங்கள்.

அடுத்து, அரசாங்கத்திடம் இருக்கும் எண்களை வாசியுங்கள். மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தியை மத்திய வங்கி வருடாவருடம் வெளியிடுகிறது. மேல் மாகாணம் மட்டும் நாற்பது வீதத்துக்கு மேல். கிழக்கு மாகாணத்தின் பங்கு ஐந்து, ஆறு வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2012 தொகைமதிப்பின்படி நாட்டின் சனத்தொகையில் கிழக்கின் பங்கு 7.6 வீதம். சனத்தொகையில் 7.6, உற்பத்தியில் ஐந்தாறு என்றால், தலைக்கு இங்கே விளையும் பெறுமதி நாட்டுச் சராசரியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. இரண்டு பங்குகளையும் வகுத்துப் பார்க்கும் இந்தக் கணக்கை எந்த மாகாணத்துக்கும் செய்யலாம்.

இந்த எண் எப்படி வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வயலாகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்த தொகை இல்லை அது. நாட்டின் மொத்தத்தை எடுத்து, நெல் விளைச்சல் போன்ற குறிகாட்டிகளை வைத்து மேலிருந்து கீழே மாகாணங்களுக்குப் பிரிக்கிறார்கள். இன்னொன்று, உற்பத்தி எங்கே நடந்ததோ அந்த இடத்துக்குத்தான் கணக்கு. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் உழைக்கும் இலாபம், முதலாளி கொழும்பில் இருந்தாலும், கிழக்கின் உற்பத்தியாகவே பதிவாகும். சவூதியில் வீட்டு வேலை செய்யும் ஏறாவூர்ப் பெண் ஒருவர் அனுப்பும் காசோ இந்தக் கணக்கில் வரவே வராது. ஆனால் அந்தக் காசில்தான் இங்கே சுவர் எழும்புகிறது, மேசன்மாருக்குக் கூலி கிடைக்கிறது, பிள்ளைகள் ரியூஷன் போகிறார்கள். ஆகவே ஊரில் உண்டாகும் பெறுமதியை ஒரு பக்கத்திலும், ஊரவர் கைக்கு வரும் வருமானத்தை மற்றப் பக்கத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் உங்கள் ஊரைப் பற்றி நிறையச் சொல்லும்.

இனி ஊருக்குள் இறங்கலாம். ஊரின் பிரதான பொருளில் ஒரே ஒரு அலகை எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் பின்னால் போங்கள். எங்களுக்கு அது 66 கிலோ நெல் மூடை.

படுவான்கரையில் வேளாண்மை வெட்டு நடக்கும்போது வட்டையில் போய் நின்று பாருங்கள். அறுவடை இயந்திரம் வரம்போரமாக நெல்லைக் கொட்டும். லொறி அங்கேயே நிற்கும். ஈரம் காயாத நெல்லுக்கு வியாபாரி கழிவு போட்டு விலை பேசுவார். விவசாயிக்குக் காயப்போடத் தளமும் இல்லை, கட்டிவைக்கக் களஞ்சியமும் இல்லை, உரக்கடைக் கடன் வேறு காத்திருக்கிறது, கொடுத்துவிடுவார். அந்த லொறிகளில் ஒரு பகுதி பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகும். பிறகு அரிசி அச்சடித்த பையில் திரும்பி வந்து எங்கள் கடைகளிலேயே விலைபோகும்.

கணக்கைப் போடுவோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல்லின் கொள்வனவு விலை கிலோ 120 ரூபாய். ஒரு மூடை 7,920 ரூபாய். குற்றினால் நூற்றுக்கு 65 கிலோ அரிசி தேறும் என்று வைத்தால் 66 கிலோ நெல்லில் ஏறக்குறைய 43 கிலோ அரிசி. அப்போது நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபாய். 43 கிலோவுக்கு 9,890 ரூபாய். வித்தியாசம் 1,970 ரூபாய். தவிடும் உமியும் குறுணலும் தனி. இந்த வித்தியாசத்துக்குள் அவியல், காய்ச்சல், குற்றல், போக்குவரத்து, கடைக்காரர் இலாபம் எல்லாம் அடங்கும். மூடை வெளியே போய்விட்டால் கடைக்காரரின் பங்கைத் தவிர மற்றதெல்லாம் அதோடு போய்விடும்.

விவசாயியின் 7,920 ரூபாயையும் அப்படியே வருமானமாக எழுதிவிடாதீர்கள். விதைநெல், பசளை, களைநாசினி, டீசல் ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதுதான் சேர்க்கப்பட்ட பெறுமதி. உழவு, வெட்டு இயந்திரக் கூலியைக் கழிக்கும்போது இயந்திரம் யாருடையது என்று கட்டாயம் கேளுங்கள். ஊரவருடையது என்றால் அந்தக் கூலி ஊரின் வருமானம். வெளியூரிலிருந்து வந்தது என்றால் டிரைவர் சாப்பிட்ட சாப்பாட்டுக் காசுதான் மிச்சம்.

நெல்லுக்குச் செய்ததைப் பாலுக்கும் செய்யலாம். பால் பாலாகவே சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, சட்டித் தயிராகி றோட்டோரக் கடைக்கு வருகிறதா? தயிரானால் உறையிட்டவருக்கும் சட்டி வனைந்தவருக்கும் விற்றவருக்கும் கூலி உண்டு. மீன், இறால், நண்டு, கஜு எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: எந்த நிலையில் ஊரைவிட்டு வெளியேறுகிறது?

சரி, ஊருக்குள் வந்த காசு எத்தனை கை மாறுகிறது? இருபது, முப்பது வீடுகளைத் தெரிந்தெடுத்து, கடந்த வாரச் செலவைக் கேளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில், காசு ஊருக்குள் நின்றதா வெளியே போனதா என்று குறியுங்கள். சவர்க்காரம், பால்மா, போன் ரீலோட், லீசிங் தவணை வெளியே. மீன், மரக்கறி, முடிவெட்டு, தையல் பெரும்பாலும் உள்ளே. ஒரு ரூபாயில் 30 சதம் உள்ளே திரும்பச் செலவானால், வெளியிலிருந்து வரும் ஒரு ரூபாய் கடைசியில் ஊரில் ஏறக்குறைய 1.43 ரூபாய் வருமானமாகும். 60 சதம் உள்ளே நின்றால் அதே ஒரு ரூபாய் 2.50 ஆகும். ஒன்றிலிருந்து உள்ளே நிற்கும் பங்கைக் கழித்து, வருவதால் ஒன்றை வகுத்தால் இது கிடைக்கும். பாடப்புத்தகத்தில் பெருக்கி என்று படிப்பது இதுதான். என்னைக் கேட்டால், ஒரு பிரதேசத்தின் பலத்தைச் சொல்ல இதைவிட நல்ல எண் இல்லை. ஊருக்கு எவ்வளவு காசு வருகிறது என்று பேசுகிறவர்கள் அநேகம். எவ்வளவு தங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கேள்வி கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். ஒரு வீட்டில் என் மாணவி, “நீங்க என்ன வேலை செய்றீங்க அக்கா?” என்று கேட்டாள். “நான் சும்மாதான் புள்ள வீட்ட இருக்கன்” என்றார் அவர். அவருக்குப் பின்னால் தையல் மெஷினில் அரைவாசி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. முற்றத்தில் கோழிகள், வாசலில் இடியப்பத் தட்டுகள். “போன கிழமை விக்கிறதுக்காக என்னென்ன செய்தீங்க?” என்று மாற்றிக் கேட்டதும் கணக்கு வந்துகொண்டே இருந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஊழியப்படை அளவீட்டிலும், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது உழைத்தவரை வேலையிலுள்ளவராகத்தான் எடுக்கிறார்கள். கேள்வி பிழைத்தால் பெண்களின் உழைப்பு முழுவதும் எண்ணிக்கையில் இல்லாமல் போய்விடும். அப்படிப் போனால் அவர்களுக்கு வரவேண்டிய கடனும் பயிற்சியும் சந்தையும் வராது. எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது.

உங்கள் ஊர் எதில் கெட்டிக்கார ஊர் என்று கண்டுபிடிக்க எளிய வகுத்தல் ஒன்று போதும். எடுத்துக்காட்டுக்கு, ஊரில் உழைக்கும் நூறு பேரில் 12 பேர் நெசவு, நாடு முழுவதும் நூறு பேரில் ஒருவர் நெசவு என்றால் விடை 12. ஒன்றைவிடக் கூடினால் அந்தத் தொழில் வெளியூருக்கு விற்று உங்கள் ஊருக்குக் காசு கொண்டுவருகிறது என்று பொருள். மருதமுனையைப் பாருங்கள். சாறனும் சேலையும் நெய்யும் கைத்தறி அங்கே வேரூன்றியிருக்கிறது. நூல் விற்பவர், சாயம் போடுபவர், தறி திருத்துபவர், வாங்க வரும் வியாபாரி எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் புதிதாகத் தறி போடுபவருக்குச் செலவும் பயமும் குறைகிறது. பிரதேசங்கள் வளர்வது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு தொழில், அதைச் சுற்றி பத்துத் தொழில்.

வாழைச்சேனைக் காகித ஆலை 1956இல் வந்தபோது வைக்கோலை மூலப்பொருளாக எடுத்தது அதனால்தான் முக்கியம். வயலில் கழிவாகக் கிடந்தது விலைப்பொருளானது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததும் அப்படியே. அதற்கு முன் படுவான்கரையிலிருந்து ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்து நின்றுதான் வாவியைக் கடக்க வேண்டும். நேரம் குறைந்தால் பாலும் மரக்கறியும் விலை இறங்காமல் சந்தைக்கு வரும். ஒலுவில் துறைமுகம் இதற்கு மறுபக்கம். 2013இல் திறந்தார்கள், வாயில் மணல் நிரம்பியது, வடக்கே கரையைக் கடல் அரித்தது, மீனவர்களுக்கு இருந்த கரையும் போனது. கட்டடத்துக்குச் செலவான தொகையை வளர்ச்சி என்று உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். அதற்குப் பிறகு யாருடைய நேரம், யாருடைய செலவு, யாருடைய வருமானம் மாறியது என்று எழுதுங்கள்.

விலைவாசியைக் கழிக்காமல் இரண்டு வருடங்களை ஒப்பிடவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்தின வருடம் அதே மாதம் நாளுக்கு 20,000 ரூபாய்க்கு விற்ற கடை அந்த மாதம் 30,000க்கு விற்றிருந்தால் கடைக்காரர் முன்னேறியதாகத் தோன்றும். 30,000ஐ 1.698ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17,670. உண்மையில் வியாபாரம் விழுந்திருக்கிறது.

அப்புறம், அடி விழுந்தால் தாங்குமா என்று பாருங்கள். ஊரின் வருமானத்தைத் தொழில்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் அதே பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். நெல் 70 வீதம், வெளிநாட்டுக் காசு 20, மற்றவை 10 என்றால் 0.49, 0.04, 0.01 சேர்ந்து 0.54. நான்கு தொழில்கள் 30, 30, 20, 20 என்று நின்றால் 0.26. எண் ஒன்றை நெருங்க நெருங்க ஆபத்து. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது முதல் வகை ஊர்கள் பட்ட பாட்டை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். அந்த வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் பெரும்போக விதைப்புக் காலம் அதற்குள் வந்துவிட்டது.

அறிக்கைகளில் வராத அளவுகோல் ஒன்றும் இருக்கிறது: நகை அடகு. விதைப்புக்கு முன் ஐப்பசியில் நகை வங்கிக்குப் போகும், மாசி பங்குனியில் நெல் விற்றதும் மீளும். மீட்டவர்கள் குறைந்து, வட்டி கட்டித் திருப்பி வைத்தவர்கள் கூடினால் ஊர் சேமிப்பைத் தின்கிறது. பெயர், தொகை கேட்காதீர்கள்; யாருக்கும் பிடிக்காது. “இந்த வருசம் மீட்டாச்சா?” என்ற கேள்விக்கு ஓம், இல்லை போதும்.

இதே காரணத்தால் அளவீட்டை இரண்டு முறை செய்ய வேண்டும். வெட்டு முடிந்த பங்குனியில் ஒரு தடவை. கடல் கொந்தளித்து, மழை வெள்ளத்தில் கூலி வேலையும் நின்றுபோகும் கார்த்திகை மார்கழியில் ஒரு தடவை. பங்குனியில் மட்டும் போனால் எல்லா ஊரும் செழிப்பாகத் தெரியும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தலைக்கு வருமானம், ரூபாயில் உள்ளே நிற்கும் சதம், எந்த நிலையில் பொருள் வெளியேறுகிறது, தொழில்வாரிப் பங்குகளைப் பெருக்கிக் கூட்டிய எண், நகை மீட்ட வீடுகள். ஒரு பிரதியைக் கிராம சேவகரிடம் கொடுங்கள், இன்னொன்றைப் பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவில் திகதி இட்டு ஒப்படையுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்தால் அங்கே அதைப் பற்றிப் பேச வைக்கலாம். நெல் காயப்போடத் தளம் வேண்டும் என்று கேட்கும்போது, மூடைக்கு 1,970 ரூபாய் என்ற கணக்கு கையில் இருக்கும். அடுத்த வருடம் போகும்போது புதிய வீடுகளைத் தேடாமல், போன வருடம் கதவு திறந்த அதே வீடுகளுக்கே போங்கள். இல்லையென்றால் மாறியது ஊரா, வீடுகளா என்று பிரித்தறிய முடியாது.