கருத்தாய்வு மின்னஞ்சலை அழிக்குமுன் ஒரு நிமிடம்

கருத்தாய்வுக்கு அழைக்கும் மின்னஞ்சல் வந்தால், தலைப்பைப் பார்த்ததுமே அழித்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மோசடி பயம் நியாயமானதுதான். ஆனால் உண்மையான அழைப்பும் அதோடு போய்விடுகிறதே!

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விரிவான கேள்விகள் சுமார் 150,000 வீடுகளிடம் மட்டுமே கேட்கப்பட்டன. அதாவது ஒரு வீட்டின் பதில் ஏறக்குறைய ஒன்பது வீடுகளுக்காகப் பேசியது. வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்பதும் அதில் ஒரு கேள்வி. தமிழ் பேசும் வீடுகள் பேசாமல் இருந்துவிட்டால் நம் மொழியின் கணக்கு எப்படிச் சரியாக வரும்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் குடும்பச் செலவு ஆய்வும் அப்படித்தான். விலைவாசிக் குறியீட்டில் சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு, பேருந்துக் கட்டணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது.

சரி, உண்மையான அழைப்பா என்று எப்படி அறிவது? மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தட்டாதீர்கள். அழைப்பை அனுப்பியதாகச் சொல்லும் துறையின் இணையத்தளத்தை நீங்களே தேடித் திறந்து, ஆய்வு நடக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கத் தளம் என்றால் முகவரி டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி என்று முடியும். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் சிங்பாஸ் கணக்கின் மறைச்சொல்லையோ வங்கி விவரத்தையோ மின்னஞ்சலிலேயே கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? மோசடியா என்று கேட்டறிய ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

அப்புறம், வீட்டில் அம்மா அப்பாவுக்கு வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.