ரோட்டோரச் செம்பனையும் கோதுமைக் கதிரும்: விளைச்சல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோதுமை விளையாது. காலையில் ரொட்டி சானாய்க்கு வீசும் மாவெல்லாம் கப்பலில் வந்த கோதுமை. ஆனாலும் போன வாரம் எங்கள் வீட்டில் கோதுமைதான் பேச்சு. இந்தியாவில் விவசாயம் படிக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். முப்பது கோதுமை ரகங்களின் மரபு வேறுபாட்டையும் விளைச்சலையும் பற்றி எழுதிய ஆய்வேட்டை நீட்டி, "சித்தப்பா, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றாள். செம்பனை (எண்ணெய்ப் பனை) பரிசோதனைத் தோட்டத்தில் இருபது வருஷம் குலை நிறுத்து எழுதியவன் நான். பயிர் வேறுதான், தவறுகள் ஏறக்குறைய அதேதான்.

"பாத்திக்குப் பாத்தி எந்தச் செடிய அளந்தே?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்த அஞ்சு செடி."

பாதி ஆய்வு அங்கேயே போயிற்று. எங்கள் தோட்டத்துக்குப் பெரிய துரை வந்தால் மண்டோர் (கங்காணி) அவரை ரோட்டோர மரங்கள் பக்கமாகத்தான் கூட்டிப்போவார். ஒரு பக்கம் வெளிச்சம் தடையில்லாமல் விழுவதால் அந்த மரங்களில் குலை கூடுதலாக இருக்கும். உள்ளே இருபதாவது வரிசைக்குப் போனால்தான் தோட்டத்தின் லட்சணம் தெரியும். கோதுமைப் பாத்தியின் ஓர வரிசையும் இதே கதைதான். வெளிச்சம், உரம், தண்ணீர் எதற்கும் ஒரு பக்கம் பங்காளி கிடையாது. தூர் கட்டும், கதிர் நீளும். அதை அளந்து 'இந்த ரகத்தின் குணம்' என்று எழுதினால் அளந்தது ஓரத்தை, ரகத்தை அல்ல. ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே குலுக்கல் முறையில் செடி எடுக்க வேண்டும். அந்த வேலையைக் கண்ணிடம் விடக் கூடாது.

இதற்குத் தம்பி முறையில் ஒரு தவறு உண்டு. ஒரே ரகத்துக்குள் பெருத்த மணியாகப் பொறுக்கி விதைத்து ரகத்தையே உயர்த்திவிடலாம் என்ற நம்பிக்கை. கோதுமை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருக்கட்டும் பயிர். நிலைத்துப்போன ரகத்தில் செடிக்குச் செடி மரபணு அநேகமாக ஒன்றுதான். கதிரின் நடுவில் இருக்கும் மணி பெருத்தும் நுனி மணி சிறுத்தும் இருப்பது இடத்தால் வந்த வித்தியாசம். டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் 1903லேயே பீன்ஸில் இதைக் காட்டிவிட்டார். ஒரே தூய வழியின் (ஒரே செடியிலிருந்து தன் மகரந்தத்தால் வந்த வாரிசுகளின்) பெரிய விதையைப் போட்டாலும் சிறிய விதையைப் போட்டாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை.

செம்பனையில் இது தலைகீழ். எங்கள் அப்பா, நன்றாகக் காய்த்த தெனேரா (மெல்லிய ஓட்டுக் கலப்பு வகை) மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை வீட்டுக்குப் பின்னால் நட்டார். தெனேராவும் தெனேராவும் சேர்ந்தால் கால்வாசி தடித்த ஓட்டு டூராவாகும். இன்னொரு கால்வாசி ஓடே இல்லாத பிசிபேராவாகி, பெரும்பாலும் குலை அழுகி வீணாகும். அப்பா பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டி ஓட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனது இன்னும் நினைவிருக்கிறது. அங்கே தாயும் பிள்ளையும் வேறு வேறு. கோதுமை ரகத்தில் வித்தியாசமாகத் தெரிந்ததெல்லாம் உண்மையில் ஒன்று.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்று சொல்லத்தான் ஹெரிட்டபிலிட்டி கணக்கு. 'விளைச்சலில் 92 சதவீதம் மரபணுவால் வருகிறது' என்று எழுதியிருந்தாள். தவறு. அந்த எண், அந்த முப்பது ரகங்களுக்கு இடையே அந்த வயலில் தெரிந்த வித்தியாசத்தின் பங்கு மட்டும். அதுவும் ஒரே ஊர், ஒரே பருவம். ரகத்தின் சொந்த பலமும் அந்த வருஷத்து வானிலை அதற்கு ஒத்துப்போன அதிர்ஷ்டமும் அதில் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும். அதனால் எண் ஊதிப்போகும். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் அடித்த வெயிலில் மணி சுருங்கி, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. அப்படிப்பட்ட வருஷத்தில் வெயில் தாங்கும் ரகம் முதலிடம் பிடிக்கும். குளிர்ந்த வருஷத்தில் அதே ரகம் நடுவில் எங்காவது நிற்கும். குறைந்தது இரண்டு பருவமோ சில ஊர்களோ இல்லாமல் விளைச்சலுக்கு ஹெரிட்டபிலிட்டி எழுதாதே என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

எண் பெரிதாக இருந்தாலே முன்னேற்றமும் பெரிதாக வரும் என்று நினைப்பதும் தப்பு. ஆயிரம் மணி எடையில் ஹெரிட்டபிலிட்டி 0.8 என்று வைப்போம். ரகங்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 1 கிராம்தான் என்றால், மேல் 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைப்பது சுமார் 1.6 கிராம் (2.06 × 1 × 0.8; மேல் 5 சதவீதத் தேர்வுக்கான எண் 2.06). விலக்கம் 4 கிராம் என்றால் 6.6. வித்தியாசமே இல்லாத இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

அப்புறம் பெரிய மணி மோகம். ஒரு சதுர மீட்டரில் 400 கதிர், கதிருக்கு 30 மணி, ஆயிரம் மணி 40 கிராம் என்றால் 480 கிராம், அதாவது ஹெக்டருக்கு 4.8 டன். மணி எடையை 44 ஆக்கினோம், ஆனால் கதிருக்கு 27 மணியாகக் குறைந்தது என்றால் 475 கிராம்தான். ஒன்றைத் தூக்கினால் மற்றது இறங்கும். குலை எண்ணிக்கைக்கும் குலை எடைக்கும் இடையே நாங்கள் பார்க்காததா?

விளைச்சல் குறைந்த ரகங்களை 'பயனற்றவை' என்று ஒரே வரியில் தள்ளியிருந்ததுதான் எனக்குக் கோபம். 1935இல் ஜப்பானில் வெளியான நோரின் 10 ஒரு கட்டைக் கோதுமை. அதன் குட்டை மரபணுதான் அமெரிக்கக் கோதுமை விஞ்ஞானி போர்லாக் கைவழியாக மெக்சிகோ ரகங்களுக்குப் போய், உரம் போட்டாலும் சாயாத பயிரைத் தந்தது. 1966இல் அந்த வகை விதையை இந்தியா 18,000 டன் இறக்குமதி செய்தது. அந்த முயற்சியில் முன்னால் நின்ற எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர். தனியாக நின்றால் தோற்கும் ரகத்திடமும் கலப்புக்கு வேண்டிய ஒரே ஒரு குணம் இருக்கலாம்.

கடைசியாக ஈரம். 14 சதவீத ஈரத்தில் 40 கிராம் இருக்கும் ஆயிரம் மணி, 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 38.2 கிராம்தான். ஒரு ரகத்தை அறுத்த அன்றும் இன்னொன்றை ஒரு வாரம் கழித்தும் நிறுத்தால் இல்லாத மரபு வேறுபாடு முளைக்கும். "ஈரம் எழுதலையே" என்றேன். மேசைமேல் திறந்து கிடந்த டின்னிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். சத்தமே வரவில்லை, நமத்துப் போயிருந்தது. டின்னை மூடிவிட்டு நோட்டை எடுத்தாள்.