முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்

போன வருடம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஆஞ்சியோ பார்த்தார்கள், இரண்டு இடத்தில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண், "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதாங்க?" என்று கேட்டார். சித்தி பெருமூச்சு விட்டுக்கொண்டே பர்ஸிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார். 2013-ல் எடுத்தது. அதில் பெயர் சுப்ரமணி. ஆதாரில் சுப்பிரமணியன். ரேஷன் கார்டில் அவர் பெயரே இல்லை, ஏனென்றால் தனிக் குடித்தனம் வந்தபோது பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கியவர்கள் புதிய கார்டில் சித்தி பெயரை மட்டும் சேர்த்துவிட்டு, அவருடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அன்று ராத்திரி சித்தியின் வளையலும் செயினும்தான் முன்பணமாகப் போயின.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு முழுத் தகுதி இருந்தும் பெயர் சிக்கலால் கிடைக்காமல் போனது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன திட்டம் என்று சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். 2022 ஜனவரி 11 முதல் புதிய ஐந்தாண்டு ஒப்பந்தம், யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு. இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஒப்பந்தம் தொடங்கியபோது 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனை முறைகள் இதில் அடங்கியிருந்தன. பிரீமியத்தை அரசு கட்டுகிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று அந்த ஒப்பந்தத்தில் பேசினார்கள். நீங்கள் ஒரு பைசா கட்டத் தேவையில்லை. யாராவது "அட்டை எடுத்துத் தர்றேன், ஐந்நூறு கொடுங்க" என்றால் கொடுக்காதீர்கள், அது இலவசம்.

5 லட்சம் என்பது ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. அப்பாவுக்கு ஒரு லட்சம் செலவானால் மீதி நாலு லட்சம் அந்த ஆண்டில் மற்றவர்களுக்கு இருக்கும். அடுத்த ஆண்டு மறுபடி முழுத் தொகை வந்துவிடும்.

யாருக்குத் தகுதி? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. முன்பு 72,000 ஆக இருந்ததை 2022-ல் உயர்த்தினார்கள், அதனால் முன்னே "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு முறை முயன்று பாருங்கள். குடும்ப வருமானம் என்றால் எல்லாருடைய வருமானமும் சேர்ந்தது. மகன் கம்பெனியில் இருபத்தைந்தாயிரம் வாங்கி, எல்லாரும் ஒரே கார்டில் இருந்தால், அப்பா கூலி வேலைதான் செய்கிறார் என்று சொல்லி அட்டை வாங்க முடியாது.

ரேஷன் கார்டில் அரிசி வருகிறதா, சர்க்கரை மட்டுமா, கார்டு என்ன வகை என்பதெல்லாம் இதற்குச் சம்பந்தமில்லை. "எங்களுக்கு அரிசி கார்டு இல்லையே, அதனால காப்பீடு வராது" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கார்டில் பெயர் இருக்க வேண்டும், வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நலவாரிய உறுப்பினர்களுக்கும் திட்டம் உண்டு, அவர்கள் வாரிய அடையாள அட்டையையும் கொண்டு போகட்டும். மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இது முகாமிலேயே பலருக்குத் தெரியாது. அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியதாரர்களுக்கும் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் அவர்கள் இதில் வரமாட்டார்கள்.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர். பிள்ளைகள் 25 வயது வரை, அதற்கு முன் வேலைக்குப் போனாலோ கல்யாணம் ஆனாலோ அதுவரை. இவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால்தான் கணக்கில் வரும்.

இனி வேலையைத் தொடங்கலாம். ஆனால் நேராக விண்ணப்பிக்க ஓடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வீட்டிலுள்ள எல்லாருடைய ஆதார் அட்டைகளையும் ரேஷன் கார்டையும் தரையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, "லட்சுமி" என்று இருக்கிறதா "லக்ஷ்மி" என்று இருக்கிறதா, பிறந்த வருடம் ஒன்றுதானா என்று பாருங்கள். புதிதாக வந்த மருமகள், போன வருடம் பிறந்த குழந்தை, கிராமத்திலிருந்து வந்து கூடவே தங்கிவிட்ட பாட்டி, இவர்கள் பெயர்தான் வழக்கமாக விட்டுப்போகும். மருமகள் பெயரை அவருடைய அம்மா வீட்டுக் கார்டிலிருந்து நீக்கிய பிறகே இங்கே சேர்க்க முடியும், அதனால் அதற்குக் கொஞ்சம் நாள் எடுக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதையும் திருத்துவதையும் உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். இந்தப் படியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போனால், தப்பான பெயரோடு அட்டை வந்து, அது ஆஸ்பத்திரி கவுண்டரில்தான் வெளியே தெரியும்.

அடுத்து வருமானச் சான்று. பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். முதல் முறை போகிறவர்களுக்கு ஆதாரை வைத்து ஒரு குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள், கைப்பேசிக்கு ஓடிபி வரும், அதனால் ஆதாரோடு இணைந்த சிம் இருக்கும் போனை எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகும். ஆன்லைனில் போட்டுவிட்டோமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வி.ஏ.ஓ.வை ஒருமுறை நேரில் பார்த்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லி, என்ன வேலை, எத்தனை பேர் என்று விளக்கிவிட்டு வந்தால் வேகமாக நகரும். எங்கள் ஊரில் அவர் காலையில் பத்தரைக்கு வந்து பதினொன்றரைக்கெல்லாம் வெளி வேலைக்குக் கிளம்பிவிடுவார், அந்த ஒரு மணி நேரத்தில் பிடிக்க வேண்டும். உங்கள் ஊர் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று கையில் வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அந்த வளாகத்துக்குள்ளேயே காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் இருக்கும், வாசலில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதார், இவற்றின் அசலும் நகலும் வேண்டும். படமும் கைரேகையும் எடுப்பார்கள் என்பதால் குடும்பமாகப் போவது நல்லது. வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து மெஷினில் விழாமல் போகும். எங்கள் அத்தைக்கு நாலு முறை வைத்தும் வரவில்லை, கையை ஈரத் துணியால் துடைத்து இடது கைக் கட்டைவிரலை வைத்ததும் விழுந்தது. திங்கட்கிழமை மனுநாள், கூட்டம் நெரியும், வேறு நாளில் போங்கள். அரசு நடத்தும் சிறப்பு முகாம்களிலும் இந்தப் பதிவைச் செய்கிறார்கள், உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் இருபது முப்பது கிலோமீட்டர் அலைச்சல் மிச்சம்.

பதிவு முடிந்ததும் ஒரு எண் தருவார்கள். உண்மையில் அந்த எண்தான் முக்கியம், அட்டை இரண்டாம்பட்சம். திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டால் உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறதா, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம், மின் அட்டையை இறக்கிக்கொள்ளலாம். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். போனில் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சரி, அட்டை வந்துவிட்டது. பயன்படுத்துவது எப்படி?

எல்லா மருத்துவமனைகளிலும் செல்லாது, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில்தான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரு மருத்துவமனை இதயத்துக்கு அனுமதி பெற்றிருக்கும், எலும்புக்குப் பெற்றிருக்காது. "உங்க ஆஸ்பத்திரியில கார்டு எடுப்பீங்களா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு இந்தக் கார்டு இங்கே செல்லுமா" என்று நோயைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு மேசையும் ஒரு ஊழியரும் இருப்பார்கள், சேர்க்கும்போதே அவரைப் பார்த்துவிட வேண்டும். டாக்டரின் குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அவர் ஆன்லைனில் அனுப்பி முன் அனுமதி வாங்குவார். அனுமதி வந்த சிகிச்சைக்கு அவர்களிடம் பணம் கட்டத் தேவையில்லை, ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்ற தொகுப்புக் கட்டணமாகக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே கொடுத்துவிடும். அட்டையைக் கடைசி நாள் டிஸ்சார்ஜ் பில் வரும்போது நீட்டினால் வேலைக்கு ஆகாது.

பைபாஸ், ஸ்டென்ட், டயாலிசிஸ், புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு, குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறு என்று பெரிய செலவு வைக்கும் பலவும் உள்ளே வருகின்றன. கல்லீரல், சிறுநீரக மாற்று, காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி போன்ற மிக உயர் சிகிச்சைகளுக்குத் தனியாக ஒரு தொகுப்பு நிதி வைத்திருக்கிறார்கள். ஆனால் காய்ச்சலுக்கு ஓ.பி.யில் டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குவது, இதற்கெல்லாம் இந்த அட்டை உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை கேட்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டு, இருந்தும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து கொடுங்கள். உங்கள் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேருகிறது. ஸ்டென்ட்டும் எலும்புக்கு வைக்கும் பிளேட்டும் புதுக் கருவிகளும் அந்தப் பணத்தில்தான் நிறைய வாங்குகிறார்கள். ஜி.ஹெச். நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் இது.

அட்டையே இல்லாமல் ஒருவரைச் சேர்க்க நேர்ந்துவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள். ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும், இன்னொருவர் மருத்துவமனையில் சேர்த்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு, வருமானச் சான்று முதலானவற்றோடு ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போகட்டும். சாலை விபத்து என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை இலவசம். வருமானம், அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள், வெளிமாநிலத்துக்காரர் ஆனாலும் சரி.

அனுமதி வந்த பிறகும் "மருந்துக்கு, கருவிக்கு" என்று தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கிருந்தபடியே மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணுக்கு அடியுங்கள். மாவட்டத் திட்ட அலுவலரிடமும், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் போனால் புகார் நிற்காது.

சித்தப்பா வீட்டில் இப்போது பெயர் சேர்த்து, ஆதாரோடு ஒப்பிட்டு, புது அட்டை எடுத்தாயிற்று. அதைப் படம் பிடித்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நகல் ஒன்றை சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காலண்டர் ஆணியில் பிளாஸ்டிக் கவரோடு மாட்டியிருக்கிறார் சித்தி. ராத்திரி கரண்ட் இல்லாவிட்டாலும் கை நீட்டினால் கிடைக்கும்.