கடலூர்ல சும்மா கெடக்குற அரசு இடத்த மாநகராட்சிக்கு கேக்குறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

நம்ம கடலூர் 2021ல மாநகராட்சி ஆச்சு, 45 வார்டு இருக்கு, ஆனா ஒரு பூங்காவோ அங்கன்வாடியோ கட்டணும்னா இடம் இல்லன்னு சொல்றாங்க. 1993ல மாவட்டம் பிரியுற வரைக்கும் தென்னாற்காட்டுக்கே தலைமையிடமா இருந்த ஊரு இது, மஞ்சக்குப்பம் பக்கம் நடந்தாலே எவ்ளோ அரசு கட்டடம்னு தெரியும். உபயோகம் இல்லாம கெடக்குற இடத்த கேட்டு வாங்கலாம், ஆனா கேக்குற விதத்துல தான் நெறய பேர் கோட்ட விடுறாங்க.

மொதல் தப்பு, எல்லாம் கவர்மெண்டு தானேன்னு நெனைக்கிறது. ஒரு அரசு துறை இன்னொரு துறைக்கு குடுக்குறது நில மாற்றம். மாநகராட்சிங்கறது சட்டப்படி தனி அமைப்பு, அதுக்கு குடுத்தா அது நில உரிமை மாற்றம், வருவாய்த்துறையோட நிலையான விதித் தொகுப்பான வருவாய் நிலை ஆணையில 24 படி போற வேலை. விண்ணப்பத்துல இத மாத்தி எழுதுனா தாலுகா ஆபீஸ்லயே ஃபைல் நின்னுடும். "பொதுப் பயன்பாட்டுக்கு"ன்னு மொட்டையா எழுதாதீங்க. பூங்கான்னா பூங்கான்னே எழுதுங்க. வருமானம் வராத காரியத்துக்கு கேக்குறதும், கடை கட்டி வாடகைக்கு விடக் கேக்குறதும் ஒண்ணு இல்ல, ரெண்டாவதுக்கு சந்தை மதிப்பு கேப்பாங்க. பூங்கான்னு வாங்கிட்டு பின்னாடி கடை கட்டுனா நிபந்தனைய மீறுனதா ஆகி இடத்த அரசே திரும்ப எடுத்துக்கலாம்.

அடுத்தது தான் ரொம்ப முக்கியம், கண்ணால பாத்துட்டு காலி இடம்னு முடிவு பண்றது. வெயில் காலத்துல வறண்டு கெடக்குற குட்டைய பாத்தா யாருக்கும் காலி மனை மாதிரி தான் தெரியும், ஆனா வருவாய்த்துறை பதிவேட்டுல நீர்நிலைப் புறம்போக்குன்னு இருந்தா அத தொடாதீங்க, 2011ல ஜக்பால் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் ஊர் பொது நிலத்தையும் குளத்தையும் வேற ஆளுக்கு தூக்கி குடுக்குறத கடுமையா கண்டிச்சிருக்கு, அதோட கெடிலமும் பெண்ணையாறும் பெருகுற ஊர்ல இருக்குற குட்டையயும் மூடிட்டா தண்ணி நம்ம வீட்டுக்குள்ள தான் வரும். கோயில் இடமும் அரசு இடம் கெடையாது, அறநிலையத்துறை நிர்வாகம் மட்டும் தான் பண்ணுது, சொத்து சாமி பேர்ல. தேவனாம்பட்டினம் பக்கம்னா கடற்கரை மண்டல விதி வேற இருக்கு, கடல் ஓரமா 500 மீட்டர் வரைக்கும் அது பாயும்.

அதனால சர்வே நம்பர சரி பாருங்க. எங்க தெருவுக்கு பின்னாடி இருந்த இடத்துக்கு தீர்மானம் போட்டப்ப பழைய சர்வே நம்பர போட்டுட்டாங்க, நகர நில அளவைக்கு அப்புறம் நம்பரே மாறிப்போச்சுன்னு யாரும் பாக்கல, ஃபைல் திரும்பி வந்து மறுபடி மாமன்றத்துல, அதாவது கவுன்சிலர்கள் கூட்டத்துல வச்சு எல்லாம் மொதல்ல இருந்து, அங்க வெளயாடிக்கிட்டு இருந்த பசங்க அதுக்குள்ள காலேஜ் போய்ட்டாங்க. இன்னிக்கும் மனசு ஆறல.

பூட்டி கெடந்தாலே உபரின்னு அர்த்தம் இல்ல. இடத்த வச்சிருக்குற துறை "எங்களுக்கு தேவையில்ல"ன்னு எழுத்துல தரணும், வாய்ல சொன்னது அதிகாரி மாறுனா போச்சு. பழைய கட்டடம் நிக்குதுன்னா பொதுப்பணித்துறை அத பயன்படுத்த லாயக்கில்லன்னு சான்று தரணும், இடிக்கிற செலவு யாருதுன்னும் அப்பவே பேசிடுங்க.

கடைசியா, ஆணை வந்த அன்னிக்கே பட்டாசு வெடிச்சிட்டு மறந்துடுறது. முன் நுழைவு அனுமதி, அதாவது இறுதி ஆணைக்கு முன்னாடியே இடத்துக்குள்ள போக குடுக்குற அனுமதி கெடச்சா உள்ள போய் வேல பாக்கலாம், அவ்ளோ தான், உரிமை வந்துடல. சர்வேயர் அளந்து கல்லு நடணும், முழு நம்பர்ல ஒரு பகுதி மட்டும்னா உட்பிரிவு பண்ணணும், நகர நில அளவைப் பதிவேட்டுல பேர் மாறணும். மாறுனதும் நகல் வாங்கி ஆணையில இருக்குற பரப்பும் அதுல இருக்குற பரப்பும் ஒண்ணான்னு பாருங்க, கொறஞ்சிருந்தா வேலி போடுறதுக்கு முன்னாடியே மனு குடுத்துடுங்க.