பழைய கேம்பர் டிரெய்லரில் இற்றுப்போன சுவர்ச்சட்டத்தை மாற்றுவது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1960, 70களில் செய்த கேம்பர் டிரெய்லரை (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், உள்ளேயே தங்கும் வண்டியை) மலிவாக வாங்குகிறவர்கள் அடுப்பையும் படுக்கையையும்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மூலைகளை. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவுட், நடுவில் ஒன்றரை அங்குலமோ அதைவிட ஒல்லியாகவோ பைன் சட்டம், அதையும் ஸ்டேப்பிள் அடித்தே இணைத்திருப்பார்கள். சுவர் என்பது அவ்வளவுதான். உள்ளே இறங்கும் தண்ணீரைத் தகடு வெளியே காட்டாது.

முதல் வேலை, சேதம் எவ்வளவு என்று பார்ப்பது. தண்ணீர் நுழைந்த இடமும் மரம் இற்ற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கூரை விளிம்பில் நுழைந்த நீர் சட்டத்தோடு வழிந்து அடிச்சட்டத்தில் தேங்கும். அதனால் கீழே இற்றிருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள ஜன்னல், விளக்கு, மூலைப்பட்டி (தகடுகள் சேரும் மூலையை மூடும் உலோகப் பட்டி) எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. ஈரமானி இருந்தால் 20 சதவீதத்தைத் தாண்டும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். பூஞ்சை மரத்தைத் தின்ன அந்த ஈரம் வேண்டும்.

அடுத்து, கரன்ட் இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, கேஸை மூடிவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி ரசமட்டம் பாருங்கள். பூஞ்சைத் தூசு பறக்கும், முகக்கவசம் கட்டாயம்.

தகட்டைக் கழற்ற மூலைப்பட்டியில் தொடங்குங்கள். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் கொக்கி போட்டு நிற்பதால், மேலிருந்து கீழே வர வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இப்போது முட்டுக்கொடுப்பது. இதைத் தவிர்த்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவசரத்தில் மூன்று சட்டங்களை ஒரே நாளில் பிடுங்கினேன். மறுநாள் கதவு மூடவே இல்லை, சுவர் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. கூரையைத் தாங்க உள்ளே ஒரு கட்டை, சுவரின் குறுக்கே மூலைவாட்டில் ஒரு கட்டை. அப்புறம் ஒரு சமயத்தில் ஒரே ஒரு சட்டம் மட்டும்.

இற்ற பகுதியை மட்டும் வெட்டினால் போதாது. கெட்டியான மரம் தெரிந்த பிறகும் 15 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். பழைய துண்டு உதிராமல் வந்தால் அதுவே அச்சு. அட்டையில் வரைந்து புதுமரத்தில் வெட்டலாம். முனைகளை நேராக முட்டவைக்காமல், இரண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, நீர் தாங்கும் பசை தடவி, ஸ்க்ரூ போடுங்கள். முன்துளை போடாவிட்டால் ஒல்லிச் சட்டம் பிளந்துவிடும்.

'மருந்தேற்றிய மரம் போட்டால் இற்கவே இற்காதே' என்று தோன்றும். வேண்டாம். 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் செம்பு அதிகம். ஓதம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். மரத்தைக் காப்பாற்றப் போய்த் தகட்டைத் தொலைப்பீர்கள். நன்கு காய்ந்த சாதாரண பைனே போதும்.

மூடும்போது கீழிருந்து மேலே. தகட்டையும் பட்டியையும் பழைய பசை ஒட்டாமல் சுரண்டி, பட்டிக்கு அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வையுங்கள். சிலிகான் பூசி மூடும் ஆசையை அடக்குங்கள். வெயிலில் அலுமினியம் விரிந்து சுருங்கும்போது அது விளிம்பில் விட்டுவிடும், அதன்மேல் பிறகு வேறெதுவும் ஒட்டாது. டேப் மெல்ல நசுங்கும் என்பதால் இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்க்ரூக்களை இன்னொரு முறை முடுக்குங்கள்.

உள்பலகையை உடனே அடிக்காதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் தோட்டக் குழாயால் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று மேலே போகட்டும். மேலிருந்து அடித்தால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு, சட்டமெல்லாம் மாற்றிய பிறகும், கூரையோரச் சிவப்பு விளக்கின் ஒயர் துளையில் சொட்டியது.