சர்வர் அப்டேட் செய்யும்போது கான்ஃபிக் ஃபைல்களை என்ன செய்வது? பேப்பர் மைன்கிராஃப்ட் நடத்தும் புதியவர்களுக்கு

நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் சின்னச் சின்ன மைன்கிராஃப்ட் சர்வர்கள் உயிர்பெற ஆரம்பித்துவிடும். தெம்பனிஸ் அக்கா பிள்ளைகள், உட்லண்ட்ஸ் நண்பர் வீட்டுப் பையன்கள், ஜொகூரிலிருந்து மாமா பெண் என்று எல்லாரும் ஒரே உலகத்தில் கோட்டை கட்டி விளையாட, யாராவது ஓர் அண்ணனோ சித்தியோ விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஒன்றை வாடகைக்கு எடுத்தோ வீவக வீட்டின் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலோ சர்வரை ஓட்டிக்கொண்டிருப்பார். அவர்களில் பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்வரை முதன்முதலில் நிறுவுவது கஷ்டமே இல்லை. புதிய பதிப்பு வரும்போதுதான் கை நடுங்கும், ஏனென்றால் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்த செட்டிங் எல்லாம் என்ன ஆகுமோ என்று தெரியாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங் எழுதியிருக்கும் ஃபைலை, கண்ணை மூடிக்கொண்டு புதியதன்மேல் போடக்கூடாது, புதிதாக வந்ததையும் அப்படியே ஏற்கக்கூடாது. நீங்கள் எந்தெந்த வரியை மாற்றினீர்கள், எதற்காக மாற்றினீர்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால் எந்தப் பதிப்புக்கும் தைரியமாகப் போகலாம். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்தப் பட்டியலை உண்டாக்கவும் அது பிழைத்திருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

(ஃபைல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் ஃபோல்டரில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்தால் எது எதுவென்று புரிந்துவிடும்.)

படி 1: எந்த ஃபைல் எங்கே இருக்கிறது

சர்வர் ஃபோல்டரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ். மைன்கிராஃப்ட்டின் சொந்த ஃபைல் இது. போர்ட் (வழக்கமாக 25565), அதிகபட்ச ஆட்டக்காரர்கள் (20), பார்வைத் தூரம் (10) எல்லாம் இதில்தான் இருக்கும். பக்கத்திலேயே புக்கிட்.யாமல், ஸ்பிகாட்.யாமல் இருக்கும் (புக்கிட், ஸ்பிகாட் இரண்டும் பேப்பருக்கு அடிப்படையான மென்பொருள்கள், யாமல் என்பது செட்டிங் எழுதும் ஒரு வடிவம்). பேப்பரின் சொந்த அமைப்புகள் கான்ஃபிக் என்ற உள் ஃபோல்டரில் பேப்பர்-குளோபல், பேப்பர்-வேர்ல்டு-டிஃபால்ட்ஸ் என்று இரண்டு ஃபைல்களாக இருக்கும், உலகத்துக்கு ஒன்றாக அந்தந்த உலக ஃபோல்டருக்குள் பேப்பர்-வேர்ல்டு என்று இன்னொன்றும் உண்டு. பழைய வழிகாட்டிகளில் "பேப்பர்.யாமல் ஃபைலைத் திற" என்று படித்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், 1.19 பதிப்பில் அதைப் பிரித்துவிட்டார்கள். அப்டேட் என்றால் ஒரு செட்டிங்கின் மதிப்பு மட்டும் மாறுவதில்லை, அது இருக்கும் வீடே மாறிவிடலாம் என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம்.

மீதி இரண்டு வகை. ஓப்ஸ் (நிர்வாகிகள்), ஒயிட்லிஸ்ட் (உள்ளே வர அனுமதி பெற்றவர்கள்), தடைப் பட்டியல்கள் ஜேசன் என்ற வடிவ ஃபைல்களாக வெளியிலேயே கிடக்கும். ப்ளக்இன்ஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ப்ளக்இன்னுக்கும் (சர்வரில் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன மென்பொருள்) தனி ஃபோல்டரும் அதற்குள் கான்ஃபிக்.யாமலும் இருக்கும். உண்மையான தலைவலி இந்தக் கடைசி வகையில்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

படி 2: நிறுத்து, அப்புறம் நகலெடு

கன்சோலில் ஸ்டாப் கட்டளை கொடுத்து சர்வர் முழுதாக நின்ற பிறகுதான் எதையும் தொடவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் உலகத்தின் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் பதிவாக வாய்ப்பிருக்கிறது. ஓடும்போது சர்வர்.ப்ராப்பர்ட்டீஸைத் திருத்தினாலும் பிரச்சினைதான்: விளையாட்டுக்குள்ளிருந்து ஒயிட்லிஸ்ட்டை ஆன் செய்வது போன்ற கட்டளைகள் அந்த ஃபைலைத் திரும்ப எழுதும், உங்கள் திருத்தம் காணாமல் போகும். ஹேஷ் குறி போட்டு அதில் எழுதிவைத்த குறிப்புகளும் தங்காது, ஆகவே "ஏன் மாற்றினேன்" என்ற குறிப்பை வேறு இடத்தில் வையுங்கள்.

நகல் என்றால் முழு ஃபோல்டர். கான்ஃபிக் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் புதிய பதிப்பு ஒருமுறை திறந்த உலகத்தைப் பழைய பதிப்பில் மறுபடி திறப்பதற்கு ஆதரவே கிடையாது. உலக ஃபோல்டர்கள் (சாதாரண உலகம், நெதர், எண்டு), ப்ளக்இன்ஸ், கான்ஃபிக், ஜேசன் ஃபைல்கள், இப்போது ஓடும் பழைய ஜார் ஃபைல் (சர்வர் மென்பொருள் இருக்கும் ஃபைல்), எல்லாம் சேர்ந்து ஒரே நகல். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள், அப்போதுதான் ஃபோல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அந்த நகல் சர்வர் இருக்கும் அதே இயந்திரத்தில் மட்டும் இருக்கக்கூடாது, உங்கள் லேப்டாப்பிலும் ஒன்று வையுங்கள்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், காலை 4 மணிக்குச் செய்யலாம் என்று அட்டவணை போட்டால், பல விபிஎஸ்களின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் என்பதை மறக்காதீர்கள். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னே. நம் காலை 4 மணி அங்கே முந்தின நாள் இரவு 8 மணி. யுடிசி-யில் 4 என்று போட்டுவிட்டால் அது நமக்குப் பகல் 12, எல்லாரும் விளையாடிக்கொண்டிருக்கும்போது சர்வர் நிற்கும்.

படி 3: மூன்று ஃபைல்களை அருகருகே வைப்பது

இதுதான் இந்தப் பதிவின் இதயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலோர் தங்கள் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் மட்டும் ஒப்பிடுவார்கள். அப்போது ஐம்பது வித்தியாசம் தெரியும், அதில் எது நாம் மாற்றியது, எது அவர்கள் மாற்றியது என்று பிரிக்கவே முடியாது. அதற்கு மூன்றாவது ஃபைல் ஒன்று வேண்டும்: நீங்கள் கை வைப்பதற்கு முன் பழைய பதிப்பு கொடுத்த அசல் ஃபைல்.

அதைப் பெறுவது சுலபம். காலி ஃபோல்டர் ஒன்றில் பழைய ஜார் ஃபைலை மட்டும் போட்டு ஓட்டுங்கள். இயூலா (பயன்பாட்டு ஒப்பந்தம்) ஃபைலில் ட்ரூ என்று மாற்றச் சொல்லி நின்றுவிடும், மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், உலகம் உருவானதும் நிறுத்துங்கள். அந்த ஃபோல்டருக்குப் "பழைய அசல்" என்று பெயர் வையுங்கள். இன்னொரு காலி ஃபோல்டரில் புதிய ஜாரை வைத்து அதையே செய்தால் "புதிய அசல்" கிடைக்கும். புதிய ஜார் ஓடவே மறுத்தால் ஜாவா பதிப்பைப் பாருங்கள்: மைன்கிராஃப்ட் 1.18-க்கு ஜாவா 17 வேண்டும், 1.20.5-க்கு ஜாவா 21 வேண்டும், அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கு இன்னும் புதிய ஜாவா வேண்டியிருக்கலாம். உண்மையான சர்வர் அதே இயந்திரத்தில் ஓடினால் இந்தச் சோதனை ஃபோல்டர்களில் போர்ட்டை 25566 என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே போர்ட்டுக்கு மோதும்.

இனி ஒப்பிடலாம். விஎஸ் கோடு இருந்தால் இடப்பக்கப் பட்டியலில் ஒரு ஃபைலை வலது கிளிக் செய்து "செலக்ட் ஃபார் கம்பேர்", அடுத்ததை வலது கிளிக் செய்து "கம்பேர் வித் செலக்டட்". விண்டோஸில் வின்மெர்ஜ், லினக்ஸில் மெல்டு என்ற இலவச மென்பொருள்களும் நன்றாக இருக்கும்.

பழைய அசலையும் உங்கள் ஃபைலையும் வைத்துப் பாருங்கள். தெரியும் வித்தியாசம் அனைத்தும் நீங்கள் செய்தது, அதுதான் உங்கள் பட்டியல். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிதான் வரும், பயந்த அளவுக்கு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: "பார்வைத் தூரம் 7, ஞாயிறு மாலை லேக் அடிக்கிறது" என்கிற மாதிரி. காரணம் நினைவுக்கு வராத மாற்றத்தை இந்த அப்டேட்டில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பிறகு பழைய அசலையும் புதிய அசலையும் ஒப்பிடுங்கள். இதில் தெரிவது எல்லாம் அவர்கள் செய்தது: வந்த செட்டிங், போன செட்டிங், மாறிய மதிப்பு. இரண்டு பட்டியலிலும் ஒரே வரி வந்தால் அங்கே மட்டும் நின்று யோசிக்கவேண்டும்.

படி 4: சோதனை நகலில் ஓட்டிப் பார்ப்பது

உங்கள் முழு நகலை இன்னொரு ஃபோல்டரில் பிரதியெடுத்து, போர்ட்டை மாற்றி, புதிய ஜாரைப் போட்டு ஓட்டுங்கள். பேப்பர் தன் ஃபைல்களைத் தானே புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், சர்வர்.ப்ராப்பர்ட்டீஸில் இல்லாத வரிகளை டிஃபால்ட் மதிப்போடு சேர்த்துவிடும். அந்த மாற்றத்தை அதன் போக்கில் விடுங்கள். ஃபைலுக்குள் வெர்ஷன் என்று ஓர் எண் இருக்கும், அதில் கை வைக்கவே வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த மாற்றம் இன்னும் பாக்கி என்று மென்பொருள் முடிவு செய்கிறது, பழைய ஃபைலிலிருந்து அதையும் சேர்த்து ஒட்டினால் எல்லாம் குழம்பும். ஓடி முடிந்ததும் உங்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியும் பிழைத்திருக்கிறதா என்று டிக் அடியுங்கள்.

ஓட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஏதாவது ப்ளக்இன் வெளியே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசினால் சோதனை நகலும் அதே டேட்டாபேஸைத்தான் தொடும், பிள்ளைகள் சேர்த்த காசு, நிலம் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்கார்டு பாட் இருந்தால் சோதனைச் செய்தியெல்லாம் உண்மையான குழுவில் போய் விழும். அந்த இணைப்புகளைச் சோதனை நகலில் முதலில் துண்டித்துவிடுங்கள்.

படி 5: ப்ளக்இன்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலான ப்ளக்இன்கள் கான்ஃபிக் ஃபைல் இல்லாவிட்டால் மட்டுமே புதிதாக எழுதும். ஏற்கனவே ஒன்று இருந்தால் தொடாது. நல்லதுதான், ஆனால் புதிய பதிப்பில் வந்த செட்டிங்குகள் உங்கள் ஃபைலில் தோன்றவே தோன்றாது, உள்ளே இருக்கும் டிஃபால்ட் மதிப்போடு சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே பழைய கான்ஃபிக்.யாமலை வேறு பெயருக்கு மாற்றி, சோதனை நகலை ஒருமுறை ஓட்டி, ப்ளக்இன் புதிதாக எழுதும் ஃபைலில் உங்கள் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் போடுங்கள். அலுப்பான வேலைதான், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

யாமல் ஃபைலில் டேப் போடக்கூடாது, ஸ்பேஸ் மட்டுமே. ஓர் ஸ்பேஸ் தள்ளினாலும் அந்த வரி வேறொரு தலைப்பின் கீழ் போய்விடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண், ஆன், ஆஃப், எஸ், நோ போன்ற சொற்கள், இவற்றை எழுத்தாகவே படிக்கவேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

தமிழ்ச் செய்திகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சர்வருக்குள் நுழையும் பிள்ளைக்கு "வணக்கம், வாங்க" என்று தமிழில் திரையில் வருவது எனக்கு மிக முக்கியம், வகுப்பறைக்கு வெளியே அவர்கள் விரும்பித் தமிழ் படிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஃபைலை யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் சேமிக்கும் குறியாக்கம்) என்றே சேமியுங்கள். ஜாவா 18 முதல்தான் யுடிஎஃப்-8 எல்லா இயங்குதளத்திலும் டிஃபால்ட் ஆனது, அதற்கு முந்தைய ஜாவாவில் விண்டோஸில் ஓட்டினால் சில ப்ளக்இன்கள் தமிழை வெறும் கேள்விக்குறிகளாகக் காட்டும். பழைய மைன்கிராஃப்ட் பதிப்புகளின் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸிலும் தமிழை நேரடியாக எழுதினால் சிதைந்துவிடும். மொழிபெயர்த்த செய்திகளைத் தனி டெக்ஸ்ட் ஃபைலில் கண்டிப்பாக ஒரு பிரதி வையுங்கள். எண்களை மறுபடி கண்டுபிடித்துவிடலாம், உட்கார்ந்து எழுதிய வாசகங்களை அப்படி மீட்க முடியாது.

படி 6: உண்மையான சர்வரில் மாற்றி, மூன்று வரிகளைப் பார்ப்பது

சோதனையில் சரியாக ஓடிய கான்ஃபிக் ஃபைல்களையும் புதிய ஜார்களையும் உண்மையான ஃபோல்டருக்குக் கொண்டுவந்து, துண்டித்த இணைப்புகளையும் போர்ட்டையும் பழையபடி மாற்றி, நீங்கள் மட்டும் முதலில் உள்ளே போங்கள். அதற்கு முன் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸில் மூன்று வரிகள்.

லெவல்-நேம்: உங்கள் உலக ஃபோல்டரின் பெயர். இது டிஃபால்ட்டுக்குத் திரும்பியிருந்தால் சர்வர் புத்தம் புதிய உலகம் ஒன்றை உருவாக்கிவிடும், பிள்ளைகள் எல்லாம் அழிந்துவிட்டது என்று அழுவார்கள். அழியவில்லை, பெயரைத் திருத்தினால் கோட்டை அப்படியே இருக்கும்.

ஆன்லைன்-மோடு: இது மாறினால் ஒவ்வொருவரின் யூயூஐடி அடையாள எண்ணும் மாறும், பையில் இருந்த பொருள் எதுவும் இல்லாமல் புது ஆளாக நிற்பார்கள்.

ஒயிட்-லிஸ்ட்: இதன் டிஃபால்ட் மதிப்பு ஃபால்ஸ், அதாவது கதவு திறந்தே இருக்கும். இணையத்தில் திறந்த மைன்கிராஃப்ட் போர்ட்டுகளைத் தேடி அலையும் பாட்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் முன்பின் தெரியாதவர் வந்து நின்று அவர்களோடு பேச நான் ஒருநாளும் விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள். மற்ற இரண்டையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏதாவது தவறாகிவிட்டால் படி 2-இல் எடுத்த நகலை முழுதாகத் திரும்ப வையுங்கள், உலகமும் கான்ஃபிக்கும் பழைய ஜாரும் சேர்த்து. ஒன்றை மட்டும் பின்னுக்கு எடுக்கக்கூடாது. இரண்டு வாரமாவது அந்த நகலை அழிக்காதீர்கள், சில கோளாறுகள் யாராவது மறுபடி நெதருக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

கொஞ்சம் பழகியதும் கான்ஃபிக் ஃபைல்களை மட்டும் கிட் ரெப்போ (மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் சேமிப்பிடம்) ஒன்றில் வைக்கலாம், மாற்றமும் காரணமும் ஒரே இடத்தில் சேரும். ஆர்கான் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வசதி) கடவுச்சொல் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸுக்குள்ளேயே இருப்பதால் ரெப்போ பிரைவேட்டாக இருக்கவேண்டும்.

மைன்கிராஃப்ட் இல்லாமல் ஸ்டீம் விளையாட்டுகளின் சர்வரை நடத்துபவர்களுக்கும் இதே முறை பொருந்தும், ஃபைல்கள்தான் வேறு. ஸ்டீம்சிஎம்டி என்ற கட்டளைக் கருவியில் வேலிடேட் சேர்த்து அப்டேட் செய்தால் நீங்கள் திருத்திய அசல் ஃபைல்களை அது மறுபடி பழையபடி ஆக்கிவிடும். வால்ஹைமில் சர்வரைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் அப்டேட்டில் மேலெழுதப்படும், அதை வேறு பெயரில் நகலெடுத்து அந்த நகலில் உங்கள் கடவுச்சொல்லைப் போடுங்கள். பால்வேர்ல்டில் டிஃபால்ட் என்று பெயர் தொடங்கும் செட்டிங்ஸ் ஃபைலைத் திருத்தினால் எந்த மாற்றமும் நடக்காது, சேவ்டு ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைத்தான் திருத்தவேண்டும். கவுண்டர்-ஸ்டிரைக் 2-இல் மெட்டாமாட் (ப்ளக்இன்களை ஓட்ட உதவும் மென்பொருள்) பயன்படுத்தினால் கேம்இன்ஃபோ ஃபைலில் சேர்த்த அந்த ஒரு வரியை அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி சேர்க்கவேண்டி வரும்.