குறுவட்டக் கபடி பார்க்க வரும் பெற்றோருக்கு

உங்கள் பிள்ளை குறுவட்டப் போட்டியில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில், கபடி ஆடப் போகிறான் என்றால் நீங்களும் வாருங்கள். வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் அப்பாவையோ அம்மாவையோ கண்டதும் பிள்ளைகளின் முகம் மலர்வதை உடற்கல்வி ஆசிரியராக ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதற்குத்தான் இது.

முதலில் நிற்கும் இடம். பெரிய பையன்களின் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருப்போம். ஆட்டம் சூடு பிடித்ததும் கூட்டம் அந்தக் கோட்டின் மேலேயே ஏறி நிற்கும். மூன்று நான்கு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒருவனை வெளியே தள்ளும்போது எல்லோருமே கோட்டைத் தாண்டி விழுவார்கள். அங்கே பைக்கோ நாற்காலியோ கிடந்தால் முழங்கால் போய்விடும்.

அடுத்தது சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாடிப் போகிறவன் ‘கபடி கபடி’ என்று விடாமல், தெளிவாகக் கேட்கும்படி பாட வேண்டும். பாட்டு அறுந்தால் அவன் அவுட். அறுந்ததா இல்லையா என்பதை நடுவர் காதால் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். சுற்றி நின்று எல்லோரும் கத்தினால் அவருக்கு என்ன கேட்கும்? அப்புறம் தீர்ப்பு தப்பு என்று அவரையே திட்டுகிறோம். அது நியாயமே இல்லை. ஒரு பாட்டுக்கு 30 வினாடிதான். அதுவரை பொறுத்திருங்கள். அவன் நடுக்கோட்டுக்குத் திரும்பியதும், அல்லது பிடிபட்டு விசில் ஊதியதும், ஆசை தீரக் கைதட்டுங்கள். எதிரணிப் பையன் அருமையாகப் பிடித்தால் அவனுக்கும் தட்டுங்கள்.

வெளியே இருந்து ஆட்டம் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிடிக்கும் அணி கைகோத்து நிற்கும். ஒருவன் காலைப் பிடித்ததும் மற்றவர்கள் வந்து மூட வேண்டும். எப்போது பாய்வது என்பது அவர்களுக்குள் பழகி வைத்த கணக்கு. ‘காலைப் பிடிடா!’ என்று அப்பாவின் குரல் கேட்டால் பையன் கொஞ்சம் முந்திப் பாய்வான், புள்ளி போய்விடும். ‘போனஸ் எடு’ என்பதும் அப்படித்தான். எதிரணிப் பக்கம் இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளிதான் போனஸ். எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. ஐந்து பேர் நிற்கும்போது கத்தினால் பிள்ளை குழம்பிப் போகிறான்.

பெரும்பாலான சண்டை லாபியில், அதாவது களத்தின் இரு பக்க ஓரப் பட்டையில், தொடங்குகிறது. யாரையும் தொடுவதற்கு முன் லாபியில் கால் வைத்தால் அவுட். தொட்டுவிட்டால் லாபியும் களத்தோடு சேர்ந்துவிடும். இது தெரிந்தாலே பாதிக் கூச்சல் அடங்கும். சந்தேகம் இருந்தால் நடுவரிடம் கேட்க அணித் தலைவன் இருக்கிறான். வெளியே நீங்கள் கொதித்தால் உள்ளே அவனும் கொதிப்பான். பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, சிவப்பு வந்தால் அவனுக்கு அந்த ஆட்டமே போச்சு.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற பிறகு, எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் நல்ல கூட்டம். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் உடையையும் உடம்பையும் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. பிடிபட்டுக் கிடக்கும் பிள்ளையைப் போனில் எடுத்துப் பரப்பக்கூடாது. பக்கத்தில் எவனாவது எடுத்தால் நீங்களே தடுங்கள். தடுக்க முடியாவிட்டால் பொறுப்பாசிரியரைக் கூப்பிடுங்கள்.

சாதிப் பெயரையோ சாதித் தலைவர் பெயரையோ சொல்லிக் கத்துவதை நான் ஒரு நொடிகூடப் பொறுக்க மாட்டேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அணியில் ஆடும் ஏழு பேரும் ஒருவன் கையை ஒருவன் பிடித்து ஆடுகிறவர்கள். பள்ளிப் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கைகொடுக்கும். அது முடியும்வரை களத்துக்குள் ஓடி வராதீர்கள். தோற்றிருந்தால் தண்ணீர் கொடுங்கள், சிராய்ப்பைக் கழுவி விடுங்கள், சாப்பிட வையுங்கள். எந்தப் பிடி ஏன் தப்பியது என்ற விசாரணை வீட்டுக்குப் போகும் வழியில் வேண்டாம். அதை மறுநாள் காலைப் பயிற்சியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.